கூடாரக் கூரையின் 'பொன்டிங்': 'தொய்வுத்தேக்கம்' எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

மடிப்புக் கூடாரத்தின் கூரையில் மழைநீர் தங்கிப் பாரமாவதை ஆங்கிலத்தில் 'பொன்டிங்' (ponding) என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'நீர்த்தேக்கம்', 'கூரைக்குளம்' என்ற சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன. 'நீர்த்தேக்கம்' என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் திருகோணமலையில் அந்தச் சொல்லைக் கேட்டால் கந்தளாய்க் குளம்தான் நினைவுக்கு வரும். 'கூரைக்குளம்' அழகான சொல். ஆனாலும் நீர் தங்கியதால் நேரும் ஆபத்து அந்தச் சொல்லில் தெரியவில்லை.

இங்கே மாரி மழை வாடைக்காற்றோடு கொட்டும்போது, கடற்கரையில் கச்சான் விற்பவர்களின் கூடாரங்களைப் பாருங்கள். துணி சற்றே தளர்ந்த இடத்தில் முதலில் கொஞ்சம் நீர் நிற்கும். அதன் பாரம் துணியைக் கீழே இழுக்கும், பள்ளம் ஆழமாகும், சுற்றிலும் விழும் நீரும் அதற்குள் இறங்கும், பாரம் இன்னும் கூடும். நைலோன் துணியென்றால் நனைந்ததும் நீளவும் செய்யும். ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை என்பது 1 லீற்றர் நீர். பக்கத்துக்கு 3 மீற்றர் உள்ள கூடாரத்தில் 50 மில்லிமீற்றர் பெய்தால் 450 லீற்றர் விழும். அதில் கால்பங்கு தங்கினாலே நூறு கிலோவுக்கு மேல்! மெல்லிய மடிப்புச் சட்டம் வளைந்து முறிவதற்கு அது போதும். கீழே மனிதர்கள் நிற்கிறார்கள்.

தொய்வு தேக்கத்தையும் தேக்கம் தொய்வையும் வளர்க்கின்றன. ஆகவே இரண்டும் சொல்லில் இருக்க வேண்டும்: 'தொய்வுத்தேக்கம்'. துணியை இழுத்துக் கட்டு, நடுவில் முட்டுக்கொடு என்ற பரிகாரமும் அதிலேயே தெரிகிறது.

எங்கள் பக்கத்தில் தொய்வு என்றால் ஆஸ்துமாவும்தான். ஆனால் 'கயிறு தொய்ந்துவிட்டது' என்பதும் அன்றாடப் பேச்சு; தேக்கத்தோடு சேரும்போது மயக்கம் வராது. கொங்கிரீட் தளம் காயாமலிருக்க வேண்டுமென்றே நீர் நிறுத்துவதையும் ஆங்கிலத்தில் 'பொன்டிங்' என்கிறார்கள். அதற்கு இது பொருந்தாது; 'பாத்திகட்டல்' எனத் தனியே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு கூடாரங்களை ஒட்டி நிறுத்தும்போது நடுவில் தொங்கவிடும் துணிக் கால்வாய்க்குப் பெரிதாக யோசிக்கத் தேவையில்லை. கூரை விளிம்பில் நாம் பூட்டுவது பீலி, இது 'இடைப்பீலி'. அதன் ஒரு முனையைத் தாழ்த்திக் கட்டாவிட்டால் அங்கும் தொய்வுத்தேக்கம் உண்டாகும்.

இன்னொன்று. கயிறு வழியே உள்ளே ஓடிவரும் நீரை வெளியிலேயே சொட்டவைக்க, கயிற்றில் ஒரு துணித்துண்டை முடிந்துவிடுவார்கள். அதைச் 'சொட்டுமுடிச்சு' என்கிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் மீனவர்களின் வழக்கில் இருந்தால், அதையே எடுத்துக்கொள்வோம், அறிந்தவர்கள் எழுதுங்கள்.