ஸ்கைரோஸ் தீவில் புதைத்த ரக்பி பையன்

சங்கத்துச் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வெளிநாட்டில் நோயில் விழுந்து இறந்துபோகிறவர்களைப் பற்றி நம் குழுவில் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு ரூப்பர்ட் புரூக் நினைவுக்கு வருவார். இங்கிலாந்தில் நான் குடியிருக்கும் ரக்பிதான் அவர் பிறந்த ஊர். அப்பா இங்கே ரக்பி பள்ளி ஆசிரியர். பையன் கேம்பிரிட்ஜில் படித்து, சின்ன வயதிலேயே கவிஞராகப் பெயர் வாங்கி, 1914இல் முதல் உலகப் போர் மூண்டதும் கடற்படைப் பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்தார்.

மறு ஆண்டு துருக்கியில் இருக்கும் கலிப்பொலிப் போர்முனைக்குக் கப்பல் ஏறினார்கள். வழியில் எகிப்தில் வெயில் தாக்கி, வயிற்றுப்போக்கும் வந்து படுத்துவிட்டார். படைத்தலைவர் ஹாமில்டன் தன்னிடமே ஒரு பொறுப்பு தருவதாகக் கூப்பிட்டார். போயிருந்தால் கொஞ்சம் சுகமான வேலை. கூட்டாளிகளை விட்டுப் போக மனமில்லாமல் மறுத்துவிட்டார். அப்புறம்தான் அந்தக் கொசுக்கடி. உதட்டில் கடித்த இடம் வீங்கி, ரத்தத்தில் நஞ்சு ஏறியது. பெனிசிலின் கண்டுபிடிக்க இன்னும் 13 ஆண்டு இருந்தது. 1915 ஏப்ரல் 23, மாலை ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால், கிரேக்கத்தின் ஸ்கைரோஸ் தீவுக்குப் பக்கத்தில் நின்ற பிரெஞ்சு மருத்துவக் கப்பலில் உயிர் போனது. வயது 27. அவர் சேர வேண்டிய சண்டை தொடங்க இரண்டே நாள்தான் பாக்கி.

அவர் கவிதையைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். என் மனசில் நிற்பது கூட இருந்தவர்கள் செய்த காரியம். விடிந்தால் கப்பல் கிளம்ப வேண்டும். உடலை ஊருக்கு அனுப்ப வழியே இல்லை. மூன்று நாள் முன்பு பயிற்சியின்போது அவர் இளைப்பாறிய ஆலிவ் தோப்பு நண்பர்களுக்கு ஞாபகம் வந்தது. அங்கேயே குழி வெட்டினார்கள். கல்லும் முள்ளுமான பாதையில், தீவட்டி வெளிச்சத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினார்கள். அடக்கம் முடிய ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஆகிவிட்டது. அப்படியும் சிலர் கிளம்பவில்லை. பிரிட்டிஷ் பிரதமரின் மகன் ஆர்தர் ஆஸ்குவித், பின்னாளில் நியூசிலாந்தின் கவர்னர் ஜெனரல் ஆன ஃப்ரைபெர்க், இசைக்கலைஞர் டெனிஸ் பிரவுன் இவர்களெல்லாம் அந்த இருட்டில் சலவைக்கல் பொறுக்கி வந்து மண்மேட்டின் மேல் அடுக்கினார்கள். கடைசிவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரவுனும் ஜூன் 4ஆம் தேதி கலிப்பொலியில் இறந்தார். அவர் உடல் கிடைக்கவே இல்லை. அவருக்குக் கல் அடுக்க யாருக்கும் வாய்க்கவில்லை.

ரக்பியில் இருந்த அம்மாவை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை. மூத்த மகன் 1907இல் நிமோனியாவில் போனான். 1910இல் கணவர். ரூப்பர்ட் போய் இரண்டு மாதம்கூட ஆகாமல் கடைசிப் பிள்ளை ஆல்ஃபிரெட் பிரான்சில் கொல்லப்பட்டான். ஸ்கைரோஸில் இன்று நிற்கும் கல் சமாதி அந்த அம்மா கட்டச் சொன்னதுதான். நண்பர்கள் நட்ட மரச்சிலுவை ரக்பிக்கு வந்து, கிளிஃப்டன் ரோடு கல்லறைத் தோட்டத்தில் பல காலம் நின்றது.

நம்மவர்கள் யாராவது இந்தப் பக்கம் வந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.