திருகோணமலையிலிருந்து கொழும்பு விஞ்ஞான உரைகளுக்கு: எப்படித் திட்டமிடுவது?

உப்புவெளி_ஆசிரியர்:
உயர்தரப் பௌதிகவியல் பிள்ளைகள் 18 பேரைக் கொழும்பில் நடக்கிற பகிரங்க விஞ்ஞான உரை ஒன்றுக்குக் கூட்டிப்போக யோசனை. உரைகள் பெரும்பாலும் பின்னேரம் 5 மணிக்குத்தான். ஒரு மணி நேரப் பேச்சுக்கு 260 கிலோமீற்றர் போய்வருவது சரிவருமா? போயா (பௌர்ணமி) லீவில் போனால் வகுப்பு கெடாது. தொலைநோக்கியும் பார்க்க ஆசைப்படுகிறார்கள்.

இரவு_மெயில்:
சேர், முதலில் போயாவை விடுங்கள். அன்று அரச நிறுவனங்கள் மூடியிருக்கும். தொலைநோக்கிக்கும் பௌர்ணமி ஆகவே ஆகாத நாள்: நிலா வெளிச்சத்தில் மங்கலான எதுவும் தெரியாது, நிலாவும் நிழல் இல்லாமல் தட்டையாகத் தெரியும்.

உரைக்காக மட்டும் போகாதீர்கள். இரவு மெயில் ரயிலில் ஏறினால் விடியமுன் கொழும்பு கோட்டை. காலையில் கொழும்பு 7இல் கோள்மண்டலம் (குவிமாடத்தில் வானத்தைக் காட்டும் அரங்கு), பின்னேரம் உரை, அன்றிரவே திரும்பும் மெயில். கோள்மண்டலத்தில் குழுவுக்கு முன்கூட்டியே பதிய வேண்டும்; எந்த மொழிக் காட்சி என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் சிங்களக் காட்சிக்குள் போய் உட்கார நேரும்.

கல்லோயாப் பக்கம் தண்டவாளத்தில் யானை நின்றால் மெயில் பிந்தும். அதனால் காலை 9 மணிக்கு முன் எதையும் போடாதீர்கள். ஆசனப் பதிவு, வலயக் கல்விப் பணிமனை அனுமதி, பெற்றோர் கடிதம் மூன்றும் ஒன்றாக ஓட வேண்டும். இழுபடுவது அனுமதிதான், அதை முதலில் தொடங்குங்கள்.

துறைமுக_வீதி:
தொலைநோக்கிக்கு மொறட்டுவை, கட்டுபெத்தையில் உள்ள ஆதர் சி. கிளாக் நிறுவகம். அங்கே 45 சென்ரிமீற்றர் தெறிப்புத் தொலைநோக்கி இருக்கிறது. கோட்டையிலிருந்து காலி வீதி வழியே 100, 101 பஸ் போகும். ஆனால் இரவு அவதானிப்பு என்றால் அன்றைய மெயில் போய்விடும், தங்குமிடம் பார்க்க வேண்டும். மேகம் வந்தால் அதுவும் இல்லை.

உரைகளுக்கு, 1944இல் தொடங்கிய இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் அறிவித்தல்களைப் பாருங்கள். டிசம்பர் வருடாந்த அமர்வில் வாசிப்பவை ஆய்வுக் கட்டுரைகள், பிள்ளைகளுக்குக் கனம். தனிப் பகிரங்க உரையாகத் தெரிவுசெய்யுங்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கும். தலைப்பிலுள்ள பத்துப் பன்னிரண்டு சொற்களைத் தமிழ்க் கலைச்சொல்லோடு முதல் நாளே எழுதிக் கொடுங்கள். ஆளுக்கொரு கேள்வியும் எழுதி வைத்திருக்கட்டும். கேள்வி நேரத்தில் ஒலிவாங்கி கைக்கு வரும்போது யோசிக்கத் தொடங்கினால் வாய் வராது.

நிலாவெளி_வானம்:
18 பேருக்குத் தொலைநோக்கிதான் முக்கியம் என்றால் கொழும்பே வேண்டாம், இங்கேயே வையுங்கள். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. உரையாளருக்கு அங்கே கடிதம் போடுங்கள்.

அமாவாசை கழிந்து ஏழாம், எட்டாம் நாள் எடுங்கள். பொழுதுபடும்போது அரை நிலா உச்சிக்குக் கிட்ட நிற்கும். ஒளியும் இருளும் சந்திக்கிற கோட்டில் குழிகளின் நிழல் நீளமாக விழும். மாரி மழைக் காலமான ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வேண்டாம்.

150 மில்லிமீற்றர் டொப்சோனியன் (அடித்தட்டில் வைத்துக் கையால் திருப்பும் தொலைநோக்கி), குவியத்தூரம் 1200 மில்லிமீற்றர், 25 மில்லிமீற்றர் கண்வில்லை: 48 மடங்கு உருப்பெருக்கம். நிலா முழுவதும் உள்ளே அடங்கும். நடுவில் வைத்தாலும் பூமி சுழல்வதால் இரண்டு நிமிடத்தில் ஓரத்துக்குப் போய்விடும். அதனால் ஒருவர் பார்த்து இறங்க, அடுத்தவர் ஏறமுன் குழாயைத் தள்ளிச் சரிபார்க்க ஒரு ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். ஆளுக்கு ஒரு நிமிடம் என்றால், இடையில் சரிபார்ப்பதையும் சேர்த்து 18 பேருக்கு ஏறக்குறைய அரை மணி. பிள்ளைகள் கண்வில்லையைக் கையால் பிடிப்பார்கள், அதோடு குறி தவறிவிடும். கையைப் பின்னால் கட்டச் சொல்லுங்கள்.

கடற்கரை அழகுதான், ஆனால் மணலில் அடித்தட்டு ஒரு பக்கம் தாழும், உப்புக் காற்று தொலைநோக்கியின் ஆடியில் படியும். பாடசாலை முற்றமே போதும். கச்சான் காற்று பலமாக அடிக்கிற இரவில் குழாய் நடுங்கும். கட்டடத்தின் மறைவில் வையுங்கள்.

உப்புவெளி_ஆசிரியர்:
அப்படியென்றால் தொலைநோக்கி இங்கே, உரைக்கு மட்டும் கொழும்பு. கண்ணாடி போட்ட பிள்ளைகள் கழற்ற வேண்டுமா?

நிலாவெளி_வானம்:
கிட்டப்பார்வை, தூரப்பார்வை என்றால் கழற்றலாம், குவியத்தைத் திருப்பினால் சரியாகும். அஸ்டிக்மற்றிசம் (கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் சமனில்லாத குறை) உள்ளவர்கள் போட்டுக்கொண்டே பார்க்கட்டும்.