கையால் இயக்கும் பெல்ட் டர்ன்டேபிள்: வீட்டில் கேட்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஊசியைக் கையால் வைத்து, பக்கம் முடிந்ததும் கையாலேயே எடுக்கிற பெல்ட் டர்ன்டேபிள் ஒன்றில்தான் தினமும் எல்பி ரெக்கார்டு கேட்கிறேன். "ஆட்டோமேட்டிக் வாங்கவா, இது போதுமா" என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. என் பக்கத்தை விரிவாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களும் சேர்ந்துகொள்ளுங்கள்.

இதற்குள் இருப்பது மிகக் கொஞ்சம். சின்ன மோட்டார், அதன் தண்டில் இரண்டு படி வைத்த புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்), ஒரு ரப்பர் பெல்ட், ரெக்கார்டை வைத்துச் சுற்றும் கனமான பிளாட்டர், அதைத் தாங்கும் பேரிங், ஊசியை ஏந்தும் கையான டோன்ஆர்ம். மோட்டாரின் அதிர்வில் பெரும்பகுதியை ரப்பர் பெல்ட் வாங்கிக்கொள்கிறது, அதனால் ஊசிவரை அது வந்து சேர்வதில்லை. 1961இல் எட்கர் வில்ச்சர் கொண்டுவந்த ஏஆர் (அக்கூஸ்டிக் ரிசர்ச்) நிறுவன டர்ன்டேபிளும் இந்த எளிமையை நம்பியதுதான். பிளாட்டரையும் டோன்ஆர்மையும் ஒரே துணைச்சட்டத்தில் பூட்டி, அந்தச் சட்டத்தை ஸ்பிரிங்கில் தொங்கவிட்டார். பின்னால் வந்த பல புகழ்பெற்ற மாடல்களில் அதே அமைப்பைப் பார்க்கலாம்.

பாகங்கள் குறைவு என்பதால் எந்தக் கோளாறையும் காதால் கேட்டே காரணத்தைப் பிடித்துவிட முடிகிறது. எனக்கு இதில் பிடித்ததே அதுதான். ஒருமுறை புல்லாங்குழலின் நீண்ட கார்வை மெல்ல நெளிவதுபோலக் கேட்டது. பாடலில் கமகம் என்றால் ரசிக்கலாம், இது எல்லா ரெக்கார்டிலும் வந்தது. பிளாட்டரைத் தூக்கிப் பார்த்தால் புல்லியில் மெல்லிய பிசுக்கு. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் புல்லியைத் துடைத்தேன். பெல்ட்டை மட்டும் லேசான சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாக உலரவிட்டு மாட்டினேன். கார்வை நேரானது. பெல்ட் தளர்ந்தோ வெடிப்பு விட்டோ இருந்தால் கழுவிப் பயனில்லை, புதிதுதான் போட வேண்டும்.

வேகத்தைச் சரிபார்க்க ஸ்ட்ரோப் தட்டு, அதாவது சுற்றிலும் கோடுகள் அச்சிட்ட வட்டத் தட்டு, வைத்திருக்கிறேன். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற வேகத்துக்கு 180 கோடுகள், 60 ஹெர்ட்ஸ் என்றால் 216. மின்சாரத்தோடு சேர்ந்து துடிக்கும் விளக்கின் வெளிச்சத்தில் கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் சரி. ஆனால் இப்போதைய எல்இடி விளக்குகள் பலவற்றில் அந்தத் துடிப்பு இருப்பதில்லை. பழைய குண்டு பல்பின் வெளிச்சத்தில் பாருங்கள். வோல்டேஜ் ஏறி இறங்குவதை நினைத்துக் கவலைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை: ஏசி சிங்க்ரனஸ் மோட்டாரின் வேகத்தை முடிவு செய்வது மின்சாரத்தின் அதிர்வெண். வோல்டேஜ் கொஞ்சம் மாறினாலும் சுருதி இறங்காது.

அடுத்தது, நான் அதிகம் மெனக்கெட்ட விஷயம். ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டில் குரலின் "ஸ", "ஷ" ஒலிகள் சீறும். முதல் பாட்டில் அந்தச் சீறலே இருக்காது. காரணம் எல்பியின் அமைப்பிலேயே இருக்கிறது. 33⅓ வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் இசை பதிந்த பள்ளம் நொடிக்கு சுமார் 51 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. உள்ளே வந்துவிட்டால் அது சுமார் 21தான். அதே 1.8 நொடி இசை, பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கிப் பதிந்திருக்கிறது. போதாக்குறைக்கு, ரெக்கார்டை வெட்டிய கருவி நேர்கோட்டில் நகர்ந்தது. நம் டோன்ஆர்ம் ஒரு முனையில் ஊன்றி வளைவாக நகர்கிறது. அதனால் பள்ளத்துக்குச் சரியான கோணத்தில் ஊசி நிற்பது இரண்டே இடங்களில். பலரும் பின்பற்றும் பேர்வால்ட் என்பவரின் கணக்குப்படி மையத்திலிருந்து 66, 120.9 மில்லிமீட்டரில்.

அந்த இரண்டு புள்ளிகள் அச்சிட்ட கோணமானி அட்டையை வைத்து, ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் இரண்டு திருகுகளையும் தளர்த்தி, மயிரிழை முன்னும் பின்னும் நகர்த்தி உட்கார்ந்தேன். பொறுமை வேண்டிய வேலை. முடித்துவிட்டு அதே கடைசிப் பாட்டைப் போட்டால் சீறல் பெருமளவு அடங்கியிருந்தது. விலை கூடிய கார்ட்ரிட்ஜுக்கு மாறுவதற்கு முன் எல்லோரும் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

*

அருமையாக எழுதியிருக்கிறீர்கள் சார். ஊசியின் அழுத்தத்தைப் பற்றி நான் சேர்க்கிறேன்.

"கனம் குறைத்தால் ரெக்கார்டு தேயாது" என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். என் நண்பர் வீட்டில் ஊசி லேசாகவே வைக்கப்பட்டிருந்தது. உச்சஸ்தாயி வரும் இடமெல்லாம் கரகரத்தது. அழுத்தம் போதாதபோது ஊசி பள்ளத்தின் சுவரை விட்டு எழும்பி எழும்பி மோதும், சேதம் அதில்தான் அதிகம். வீட்டு உபயோக மூவிங் மேக்னெட் (உள்ளே காந்தம் அசையும் வகை) கார்ட்ரிட்ஜ்கள் பல 1.5 முதல் 2 கிராம் வரை கேட்கும். சின்ன டிஜிட்டல் தராசு வைத்து அளந்து, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கே கொண்டுவந்தோம். கரகரப்பு நின்றது. டோன்ஆர்மின் பின்பக்க எடையில் போட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள்.

பெல்ட் இல்லாமல் மோட்டாரே பிளாட்டரை நேராகச் சுற்றும் டைரக்ட் டிரைவ் பற்றியும் கேட்பார்கள். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 1972இல் வந்தது, இன்றும் உழைக்கிறது. உடனே வேகம் பிடிக்கும், கையால் பின்னுக்கு இழுத்தாலும் தாங்கும். டிஜேக்களுக்கு அது அவசியம். உட்கார்ந்து ஒரு பக்கத்தை முழுசாகக் கேட்கிற நமக்கு பெல்ட் வேகம் பிடிக்க எடுக்கும் சில நொடிகள் ஒரு குறையே இல்லை.

*

இரவில் கேட்பவள் நான். பக்கம் முடிந்து கண் அயர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் எனக்கு இருந்தது. ஊசி கடைசி மூடிய வட்டத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். அங்கே இசை இல்லாததால் பாட்டுக்குச் சேதமில்லை, தேய்வது ஊசி. பக்கம் முடிந்ததும் ஆர்மைத் தூக்கிவிடும் சின்னக் கருவி தனியாகவே கிடைக்கிறது. அதை வைத்த பிறகு நிம்மதி.

எங்கள் வீட்டில் இன்னொரு தொல்லை, யாராவது நடந்தால் ஊசி குதிக்கும். மரத்தரை. மேசையை மாற்றினோம், அடியில் ரப்பர் வைத்தோம், எதுவும் சரிவரவில்லை. சுவரில் அடித்த தனிப் பலகைக்கு டர்ன்டேபிளை ஏற்றியதும் தொல்லை தீர்ந்தது. ஸ்பீக்கரும் டர்ன்டேபிளும் ஒரே பலகையில் இருக்கவே கூடாது, அடித்தொனி திரும்பி ஊசிக்கே வந்து ஊளையிடும். சோதிக்க ஒரு வழி உண்டு. மோட்டாரை நிறுத்தி, நிற்கிற ரெக்கார்டு மேல் ஊசியை இறக்கி, சத்தத்தைக் குறைவாக வைத்துப் பலகையை விரலால் தட்டுங்கள். ஸ்பீக்கரில் அந்தத் தட்டல் பலமாகக் கேட்டால் இடம் சரியில்லை.

*

வணக்கம், நான் புதுசு. நேற்றுதான் என் டர்ன்டேபிளை இணைத்தேன். ஆம்ப்பில் (ஆம்ப்ளிஃபையர்) ஆக்ஸ் என்று போட்ட இடத்தில் செருகினேன். சத்தம் ரொம்ப மெலிசு, அடித்தொனியே இல்லை, கூடவே "ம்ம்ம்" என்று ஒரு இரைச்சல். மெஷின் பழுதா அண்ணே?

*

பழுது இல்லை தம்பி, பயப்படாதீங்க. கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட்தான். தவிர, ரெக்கார்டு வெட்டும்போதே அடித்தொனியைக் குறைத்து, மேல்தொனியைக் கூட்டிப் பதிவார்கள். 1954இல் வந்த ஆர்ஐஏஏ தரம் என்பது அந்த அளவுகளைத்தான் சொல்கிறது. பதிவில் செய்ததைத் தலைகீழாக்கி, சத்தத்தையும் ஏற்றித் தருவது ஃபோனோ பகுதி. உங்கள் ஆம்ப்பில் ஃபோனோ என்று தனி இடம் இருந்தால் அதில் செருகுங்கள். இல்லை என்றால் தனி ஃபோனோ ப்ரீஆம்ப் ஒன்று நடுவில் வேண்டும். சில டர்ன்டேபிள்களில் அது உள்ளேயே இருக்கும், பின்னால் ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒரே நேரத்தில் வேண்டாம், ஒலி உடைந்து வரும்.

இரைச்சலுக்கு: சிவப்பு, வெள்ளை கேபிளோடு ஒரு மெல்லிய தனிக் கம்பி தொங்கும், அதுதான் கிரவுண்ட். ஃபோனோ பகுதியில் இருக்கும் சின்னத் திருகில் அதைச் சுற்றி இறுக்குங்கள். கேபிளையும் மின்சார அடாப்டரையும் ஒன்றோடொன்று ஒட்டவிடாதீர்கள். செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள். இரைச்சல் இன்னும் நிற்கவில்லை என்றால் எந்த கார்ட்ரிட்ஜ், எந்த ஆம்ப் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.