சோர்க்கி-4இல் 135 லென்ஸ்: தலை வெட்டுப்படுகிறது, எந்த வியூஃபைண்டர் வாங்கலாம்?

செம்பூர்க்காரன்:
போன மாதம் மும்பை சோர் பஜார் மட்டன் தெருவில் சோர்க்கி-4 என்ற பழைய சோவியத் பிலிம் கேமரா ஒன்று வாங்கினேன், கூடவே ஜூப்பிட்டர்-11, 135 மி.மீ. லென்ஸ். கேமராவில் இருக்கும் ஃபைண்டர், அதாவது படத்தில் எது விழும் என்று பார்க்கும் சன்னல், 50 மி.மீ. லென்ஸுக்கு மட்டும்தான் என்பதால் நண்பரிடம் ஒரு பழைய ஃபைண்டர் இரவல் வாங்கி கேமராவின் மேலே துணைக்கருவி செருகும் ஷூவில் மாட்டினேன். முகப்பில் ஐந்து குட்டி லென்ஸ் வைத்த தட்டு, திருப்பினால் 28, 35, 50, 85, 135 என்று மாறும். மாட்டுங்காவில் பூக்கடை அக்கா மாலை கட்டுவதை மூன்று மீட்டரில் நின்று அரை ரோல் எடுத்தேன். ஃபைண்டரில் தலையில் வைத்த பூவரை முழுசாகத் தெரிந்தது. கழுவி வந்தால் ஒன்றுவிடாமல் உச்சந்தலை காலி, கீழே நார் நனைக்கிற வாளி மட்டும் தாராளமாக விழுந்திருக்கிறது. அதே ரோலில் தூரத்து மாடிவீடு சரியாக வந்திருப்பதுதான் புரியவில்லை. பேசாமல் 135க்கென்றே இருக்கும் தனி ஃபைண்டர் வாங்கிவிடவா?

பழையரோல்:
தம்பி, காசு போடுவதற்கு முன் அந்த ஃபைண்டரின் அடிப்பாகத்தைப் பாருங்கள், ஒரு சின்ன லீவர் இருக்கும், தூரம் பொறித்திருப்பார்கள். அது முடிவிலியிலேயே, அதாவது வெகுதூரத்துக்கான குறியிலேயே, நின்றிருக்கும் என்று நினைக்கிறேன். ஃபைண்டர் லென்ஸுக்கு மேலே ஆறேழு சென்டிமீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது, அதனால் லென்ஸ் பார்ப்பதைவிட அவ்வளவு மேலே பார்க்கிறது. மாடிவீட்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் மூன்று மீட்டரில் 135க்குள் விழுவது 80 செ.மீ. அகலம், 53 செ.மீ. உயரம், அவ்வளவுதான், அதில் ஏழு போனால் பூவும் போச்சு, தலையும் போச்சு. 50 லென்ஸில் அதே தூரத்தில் உயரம் 144 செ.மீ., அதனால்தான் இத்தனை நாள் உறுத்தவில்லை. லீவரைத் தூரத்துக்கு ஏற்ப வைத்தால் ஃபைண்டர் மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தும். குத்துவாக்கில் பிடித்தால் இதே பிசகு பக்கவாட்டில் வரும், அதையும் மறக்காதீர்கள்.

தானே லோக்கல்:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் நான் தனி ஃபைண்டர் கட்சி. சுற்றும் தட்டில் கைபட்டு 85க்கு நகர்ந்தது தெரியாமலே ஒரு கல்யாணம் முழுக்க எடுத்தவன் நான். ஜெர்மன் கேமரா கம்பெனி லைக்காவின் ஷூக் (SHOOC) என்கிற 135 ஃபைண்டரில் பளிச்சென்று கோடு தெரியும், அதிலும் தூரத்துக்குச் சாய்க்கலாம், விலைதான் கடிக்கும். அதே லைக்காவின் வியூ (VIOOH) என்பதில் 35 முதல் 135 வரை உண்டு, ஆனால் 135க்குத் திருகினால் உருவம் பெரிதாகாது, சுற்றியுள்ள சட்டம்தான் சுருங்கிக்கொண்டே வரும், கண்ணாடி போட்டவனுக்கு அது தண்டனை. லைக்காவின் இன்னொரு ஃபைண்டரான விடாம் (VIDOM) பக்கமே போகாதீர்கள், இடவலம் மாறித் தெரியும், இடது பக்கம் நடப்பவரைப் பிடிக்கக் கேமராவை வலது பக்கம் திருப்பிக்கொண்டிருப்பீர்கள். எது வாங்கினாலும் ஃபோகஸ் ஒரு சன்னல், சட்டம் இன்னொரு சன்னல். கண் மாறுகிற அந்த நொடியில் உடம்பு ஆடும், லென்ஸ் துவாரத்தை முழுசாகத் திறந்த f/4இல் மூன்று மீட்டருக்குக் கூர்மை மொத்தமே ஒரு சாண்கூட வராது. வெளிச்சம் இருந்தால் துவாரத்தைச் சுருக்கி f/8 வையுங்கள்.

செலவில்லாத வழி வேண்டுமா? அட்டையில் 36க்கு 24 மி.மீ. ஓட்டை வெட்டி, கண்ணிலிருந்து 135 மி.மீ. தள்ளிப் பிடித்துப் பாருங்கள், அதுவே 135இன் பார்வை.

பழையரோல்:
அட்டை ஐடியா அருமை, ஆனால் லோக்கலில் நின்றுகொண்டு செய்தால் ஏறிப் பார்ப்பார்கள்! தம்பி, ஒன்று விட்டுப்போச்சு. பிலிம் இல்லாமல் பின்மூடியைக் கழற்றி, பிலிம் ஓடுகிற இடத்தில் டிரேசிங் பேப்பரை இழுத்து ஒட்டி, ஷட்டரை B-இல் (பட்டனை அழுத்தியிருக்கும்வரை மூடாது) திறந்து வையுங்கள். லென்ஸ் பார்ப்பது தலைகீழாக விழும். மூன்று மீட்டர் தள்ளிச் சுவரில் ஒரு காலண்டரை மாட்டி, ஃபைண்டரில் தெரிவதோடு ஒப்பிட்டால் எவ்வளவு பிசகு என்று தெரிந்துபோகும்.

செம்பூர்க்காரன்:
லீவர் இருக்கிறது அண்ணே, முடிவிலியில்தான். அசையவே இல்லை, பழைய கிரீஸ் கல்லாகியிருக்கிறது. லைட்டர் பெட்ரோல் ஒரு சொட்டு விட்டு அரைமணி வைத்தேன், இப்போது நகர்கிறது. டிரேசிங் பேப்பரில் பார்த்தால் காலண்டரின் மேல்விளிம்பு, பிள்ளையார் கிரீடத்தோடு முழுசாக வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி பூக்கடை. அக்கா போன ரோலைக் காட்டச் சொன்னார், என்ன சொல்வது என்றுதான் யோசனை.