ஆனந்த வருஷத்துத் தை மாதம் எந்த ஆண்டில் வருகிறது? வரலாற்றுத் தேதிகளை இணையத்தில் ஏற்றிய அனுபவங்கள்

காசிமேட்டிலிருந்து:

எங்கள் தெருவில் சிலர் சேர்ந்து இப்பகுதியின் வரலாற்றை ஒரு காலக்கோடாக இணையத்தில் ஏற்றத் தொடங்கியபோது, பழைய குடும்பம் ஒன்றிலிருந்து ஒரு கைக்கணக்கு நோட்டு கிடைத்தது. அதில் ‘ஆனந்த வருஷம் புரட்டாசி மாசம் எம்டன் குண்டு போட்டது’ என்று ஒரு வரியும், சில பக்கங்கள் தள்ளி ‘ஆனந்த வருஷம் தை மாசம் வீடு கிரயம்’ என்று இன்னொரு வரியும் இருந்தன. முதல் வரியில் சிக்கல் இல்லை. ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசி, பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தது 22-9-1914 அன்று இரவு என்பது எல்லோரும் அறிந்த செய்தி.

இரண்டாம் வரியில்தான் தவறு செய்தேன். எங்கள் படிவத்தில் நாள், மாதம், ஆண்டு மூன்றையும் நிரப்பாமல் பதிவு சேமிக்க முடியாது. ஆனந்த வருஷம் என்றால் 1914 என்று குறித்து வைத்திருந்ததால், தை என்பதை ஜனவரி ஆக்கி, நாளுக்கு 1 என்று இட்டு, 1-1-1914 என்று ஏற்றிவிட்டேன். திரையில் வீடு வாங்கியது முதலிலும், எம்டன் வந்தது பிறகுமாக வரிசைப்பட்டது. அந்தக் குடும்பத்துப் பெரியம்மா ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “எம்டன் வந்து ஊரே பயந்துபோய், அதற்கப்புறம் வந்த பொங்கலில்தானே இந்த வீட்டை வாங்கினார்கள் என்று என் மாமியார் சொல்வார்” என்றார். ஆனந்த வருஷம் 1914 சித்திரையில் பிறந்து 1915 பங்குனியில் முடிகிறது. அதன் தை மாதம் 1915ஆம் ஆண்டின் ஜனவரி நடுவில்தான் தொடங்கும். ஒரு தமிழ் ஆண்டு இரண்டு ஆங்கில ஆண்டுகளில் கால் வைத்து நிற்பதை நான் அறியாதவன் அல்லன். படிவம் கேட்ட ஒற்றை எண்ணுக்குப் பணிந்துபோனேன். நோட்டில் இல்லாத ஒரு நாளை நானே உண்டாக்கி எழுதியது அதைவிடப் பெரிய பிழை என்று இப்போது கருதுகிறேன்.

பெரம்பூரிலிருந்து:

காசிமேட்டு ஐயா எழுதியதைப் படித்ததும், அதே எம்டன் தேதியில் நான் பட்ட பாடு நினைவுக்கு வந்தது. நான் எழுதிய பக்கத்தில் ஜாவாஸ்கிரிப்ட் (இணையப் பக்கங்களை இயக்கும் நிரல்மொழி) அந்த நாளைச் சென்னை நேரப்படி நள்ளிரவு 12 மணியாக எடுத்துக்கொண்டு, உலகப் பொது நேரத்துக்கு மாற்றிச் சேமித்தது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் இருப்பதால், சேமிப்பில் விழுந்தது 21ஆம் தேதி மாலை 6.30. என் கணினியில் 22 என்று சரியாகத் தெரிந்தது; வெளிநாட்டில் இருக்கும் என் அண்ணன் பார்த்தபோது 21 என்று தெரிந்தது. மணி தெரியாத நிகழ்வுக்கு மணியைச் சேர்த்ததுதான் காரணம். இப்போது 1914-09-22 என்று வெறும் எழுத்தாகவே வைத்திருக்கிறேன்.

1856இல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையத்துப் பதிவில் இன்னும் நுட்பமான ஒன்று தெரிந்தது. கணினிகள் பயன்படுத்தும் நேர மண்டலத் தரவுத்தளத்தில் இந்தியா முழுவதற்கும் கொல்கத்தாவின் பெயரில் ஒரே பதிவுதான் உண்டு. ஆகவே 1856ஆம் ஆண்டுக்கு அது, உலகப் பொது நேரத்தைவிட 5 மணி 53 நிமிடம் முன்னால் இருக்கும் கல்கத்தா நேரத்தைக் கொடுக்கிறது. 1870 முதல்தான் மெட்ராஸ் நேரமான 5 மணி 21 நிமிடம் வருகிறது. 1906 முதல் இன்றைய இந்திய நேரம். ராயபுரத்தில் ஓடிய ரயிலுக்குக் கல்கத்தாக் கடிகாரத்தைக் கட்டிவிடுவது எனக்கு மனம் ஒப்பவில்லை. அத்துடன், திறப்பு விழா நடந்தது 28-6-1856, பயணிகள் ரயில் வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது 1-7-1856. இவற்றுள் எது சரி என்று எங்களுக்குள் வாதாடினோம். பிறகுதான் இவை இரண்டு நிகழ்வுகள், இரண்டு பதிவுகள் என்பது விளங்கியது.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:

கோட்டைக் காலத்து ஆங்கிலப் பதிவேடுகளைத் தொடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1752 வரை ஆங்கிலேயர் ஜூலியன் என்னும் பழைய முறை நாட்காட்டியைப் பின்பற்றினார்கள். அவர்களுடைய ஆண்டு மார்ச் 25 அன்று பிறந்தது. அதனால்தான் ஜனவரி முதல் மார்ச் வரையிலான தேதிகளில் 1639/40 என்று இரட்டை ஆண்டு காணப்படுகிறது. நான் அதை எழுத்துப்பிழை என்று நினைத்து, சாய்கோட்டுக்குப் பின் இருந்த 40ஐ நீக்கிவிட்டேன். அவ்வளவுதான், 1640 பிப்ரவரியில் நடந்த செய்தி, 1639 ஆகஸ்டு செய்திக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

நாம் சென்னை தினமாகக் கொண்டாடும் 22-8-1639 என்பதும் பழைய முறைத் தேதிதான். ஐஎஸ்ஓ 8601 என்னும் தேதி எழுதும் தரம் எல்லாக் காலத்துக்கும் இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் கணக்கையே கொள்வதால், அதன்படி அந்த நாள் பத்து நாள் தள்ளி 1639-09-01 ஆகிறது. கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ஆகஸ்டு 22, பழைய முறை என்றே எழுதி, கணினி வரிசைப்படுத்தும் இடத்தில் மட்டும் செப்டம்பர் 1 என்று வைத்திருக்கிறேன்.

மீண்டும் காசிமேட்டிலிருந்து:

இருவருக்கும் நன்றி. நாங்கள் இப்போது ஒவ்வொரு பதிவிலும் மூன்று கட்டங்கள் வைத்திருக்கிறோம்: ஆவணத்தில் உள்ள சொற்கள் அப்படியே, இதற்கு முன் இருக்க முடியாத நாள், இதற்குப் பின் இருக்க முடியாத நாள். வீட்டுக் கிரயம் இனி ஒரு புள்ளியாக இல்லாமல், 1915 ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை ஒரு பட்டையாகத் தெரிகிறது. ஐஎஸ்ஓ தரத்தின் 2019ஆம் ஆண்டு இரண்டாம் பகுதியில் ஐயத்துக்குக் கேள்விக்குறியும் தோராயத்துக்கு அலைக்குறியும் இருப்பதால், அவற்றையும் எடுத்துக்கொண்டோம்.

ஒரு கிணற்றடிக் கல் மட்டும் மீதம் இருக்கிறது. அதில் ‘ஆனந்த வருஷம் ஆடி மீ’ (மீ என்பது மாதத்தைக் குறிப்பது) என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. அறுபது ஆண்டுச் சுழற்சியில் அது 1854ஆகவும் இருக்கலாம், 1914ஆகவும் இருக்கலாம், 1974ஆகவும் இருக்கலாம். மூன்று இடத்திலும் மங்கலான பட்டையாக இட்டு, ஒரே கல்லின் படத்தை மூன்றிலும் இணைத்திருக்கிறோம். அந்தக் கிணறு வெட்டியதைக் கேள்விப்பட்டவர்கள் இங்கே யாரேனும் இருந்தால், எந்தப் பெரிய நிகழ்வுக்கு முன் அல்லது பின் என்று மட்டும் சொன்னாலும் போதும்.