கையில் மட்டும் ஆடும் ஸ்விட்ச், டிவியில் மட்டும் ஆடும் ஸ்விட்ச்: தேவையா?

குகைவாசி:
வீட்டில் இரண்டு வாரமாக ஓடும் பஞ்சாயத்தை இங்கே கொண்டுவருகிறேன். பையன் ஆறாம் வகுப்பு. நிண்டெண்டோ கம்பெனியின் ஸ்விட்ச் 2 என்ற வீடியோ கேம் கருவியைக் கேட்கிறான். அமெரிக்காவில் 450 டாலருக்கு வந்த பொருள். நிண்டெண்டோ நம் நாட்டில் நேரடியாக விற்பதில்லை என்பதால், வெளியிலிருந்து கொண்டுவந்து விற்பவர் வாயிலிருந்து வருவதுதான் விலை. அதைக்கூட விடுங்கள். பெட்டிக்குள் 7.9 அங்குலத் திரை, பேட்டரி, கழற்றி மாட்டும் கன்ட்ரோலர் இரண்டு, டிவியோடு இணைக்கும் டாக் எல்லாம் இருக்கின்றன. எங்கள் வீட்டில் அது ஹாலை விட்டு நகரப் போவதில்லை, நகரவும் விடமாட்டேன். போர்வைக்குள் ஒளிந்து ஆட ஏற்கெனவே ஒரு போன் இருக்கிறது, இன்னொன்று எதற்கு? திரையும் பேட்டரியும் இல்லாமல் டிவியில் மட்டும் ஓடும் பெட்டி ஒன்றை மலிவாகக் கொடுத்தால் என்ன? கையில் வைத்து ஆடுகிறவர்களுக்கு 2019-இல் ஸ்விட்ச் லைட் கொடுத்தார்களே, டிவிக்காரர்கள் என்ன பாவம் செய்தோம்?

கொலுசுக்கடை:
குகையண்ணா, இரண்டுமே வேண்டாம் என்பது என் கட்சி. லைட்டும் வேண்டாம், நீங்கள் கேட்கும் டிவி பெட்டியும் வேண்டாம். 2017 மார்ச்சில் முதல் ஸ்விட்ச் வந்தபோது அதன் சரக்கே ஒன்றுதான்: டிவியில் ஆடிக்கொண்டிருக்கும்போது உருவி எடுத்தால் அதே இடத்திலிருந்து கையில் தொடரும். அதைப் பிரித்து விற்பது, நம் சேலத்துத் தட்டுவடை செட்டில் ஒரு தட்டையும் காரச் சட்னியையும் எடுத்துவிட்டு மிச்சத்தைப் பாதி விலைக்குக் கொடுப்பது மாதிரி.

இருபதாம்வளைவு:
தட்டுவடையைத் தனியாகப் பாக்கெட் போட்டும் விற்கிறார்கள் அண்ணா. அம்மாப்பேட்டைப் பக்கம் போய்ப் பாருங்கள், நன்றாகவே ஓடுகிறது.

நான் லைட் வைத்திருக்கிறேன், ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். எஸ்டேட் அலுவலகத்தில் கணக்கு வேலை. என் அறையில் டிவி கிடையாது. மழைக்காலத்தில் எங்கேயாவது சில்வர் ஓக் மரம் கம்பி மேல் சாய்ந்தால் அன்றைக்கு ராத்திரி முழுக்க இருட்டு. டாக்கும் கழற்றும் கன்ட்ரோலரும் எனக்கு எதற்கு? ஸ்விட்ச் 300 டாலராக இருந்தபோது லைட் 200 டாலர். அந்த நூறு டாலர் எனக்குப் பெரிய காசு. இன்னொன்று எடை. லைட் சுமார் 275 கிராம். ஸ்விட்ச் 2 கன்ட்ரோலரோடு ஏறக்குறைய 535 கிராம். மல்லாந்து படுத்துக்கொண்டு அரை மணி நேரம் அதைத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

எனவே கையில் மட்டும் ஆடும் மாடல் வேண்டும், கண்டிப்பாக வேண்டும். டிவி பெட்டி பற்றி எனக்குக் கருத்து இல்லை.

கொலுசுக்கடை:
எடைக்கு நான் எதிர்வாதம் செய்யமாட்டேன் தம்பி, அது நியாயம்தான். ஆனால் அந்த நூறு டாலர் மிச்சம் என்பது பாதிக் கணக்கு. நாளைக்கு உங்களுக்குக் கல்யாணமாகி வீட்டில் டிவி வருகிறது என்று வையுங்கள். லைட்டைக் கம்பி போட்டு டிவியில் இணைக்க முடியாது. வேறு கம்பெனி டாக் வாங்கினாலும் படம் வராது, ஏனென்றால் படத்தை வெளியே அனுப்பும் வசதியே அதில் வைக்கவில்லை. முழு ஸ்விட்ச் ஒன்றை மறுபடி வாங்க வேண்டும். ஸ்விட்சை வாங்கிவிட்டு டாக்கைப் பரணில் போட்டவனுக்கு அந்தத் தொல்லை இல்லை, வேண்டும்போது இறக்கிக்கொள்வான்.

அப்புறம் கட்டைவிரலால் தள்ளும் ஸ்டிக். தொடாமலே தானாக நகரும் கோளாறு, ஸ்விட்சின் கழற்றி மாட்டும் கன்ட்ரோலரான ஜாய்கானில் ஊரறிந்த விஷயம். முழு ஸ்விட்சில் அந்த ஒரு கன்ட்ரோலரைக் கழற்றி மாற்றினால் போதும். லைட்டில் ஸ்டிக் உடம்போடு சேர்ந்தது, மொத்தத்தையும் திறக்க வேண்டும். கம்பெனி வாரன்டி இல்லாத ஊரில் இது சின்ன விஷயமா? நான் வெள்ளி வேலை செய்கிறவன். கொலுசில் திருகாணி வைப்பதே தேய்ந்தால் அதை மட்டும் மாற்றத்தான்.

சூரமங்கலம்பெண்:
இரண்டு அண்ணன்களும் மறந்த ஒன்று இருக்கிறது. லைட் பல வீடுகளுக்கு இரண்டாவது கருவியாகத்தான் போனது. எங்கள் வீட்டில் அப்படித்தான். ஹாலில் முழு ஸ்விட்ச், தம்பியுடையது. நான் சென்னை ஹாஸ்டலுக்குப் போனபோது எனக்கு லைட் வாங்கினோம். சேலம் ஜங்ஷனில் ஏறினால் சென்னை சென்ட்ரல் சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம். லைட்டின் பேட்டரி ஆட்டத்தைப் பொறுத்து 3 முதல் 7 மணி நேரம், பெரும்பாலும் காட்பாடி தாண்டிவிடுவேன். மொத்தமாக 15 கோடிக்கு மேல் விற்ற ஸ்விட்சில் லைட் மட்டும் 2 கோடிக்கு மேல். அது ஒன்றும் தோற்ற பொருள் இல்லை.

குறையும் சொல்லிவிடுகிறேன். லீவில் வந்தபோது தம்பியோடு சூப்பர் மரியோ பார்ட்டி ஆட என் லைட்டை எடுத்தேன். 2018-இல் வந்த அந்த ஆட்டம் கையில் பிடித்து ஆடும் முறையில் ஓடவே ஓடாது, தனி ஜாய்கான் வேண்டும். பெட்டியின் பின்னால் எந்தெந்த முறையில் ஆடலாம் என்று குட்டிக் குட்டிப் படங்கள் போட்டிருப்பார்கள், அதைப் பார்க்காதது என் தப்பு.

குகைவாசி:
எல்லோரும் லைட் பற்றியே பேசுகிறீர்கள். நான் கேட்டது டிவி பெட்டி. அதற்கு ஒருத்தரும் பதில் சொல்லவில்லையே?

கொலுசுக்கடை:
சொல்கிறேன் அண்ணா. சோனி இதைச் செய்து பார்த்துவிட்டது. வீட்டா என்ற கையடக்கக் கருவியை வைத்து, திரை இல்லாமல் டிவியில் செருகும் சின்னப் பெட்டி ஒன்றை 2013 நவம்பரில் ஜப்பானில் விட்டார்கள், அடுத்த ஆண்டு அமெரிக்காவில். அங்கே விலை வெறும் 100 டாலர், வீட்டாவோ 200. பாதி விலை, நீங்கள் கேட்பது அதேதான். மூன்று ஆண்டுகூடத் தாங்கவில்லை. வீட்டாவின் ஆட்டங்கள் பல முன்பக்கத் தொடுதிரை, பின்பக்கத் தொடுபலகை, கேமரா என்று எதையாவது நம்பி எழுதப்பட்டவை. டிவி பெட்டியில் அவை திறக்கவே மறுத்தன.

குகைவாசி:
நல்ல உதாரணம், ஆனால் என் வழக்குக்கு இது சாட்சி ஆகாது. வீட்டா பிறந்ததே கையில் ஆட. அதன் படமும் 960-க்கு 544 புள்ளிதான், அதை டிவி அளவுக்கு இழுத்தால் மாவு மாதிரி குழையும். ஸ்விட்ச் அப்படியில்லை. முதல் நாளிலிருந்தே டிவியையும் மனதில் வைத்து ஆட்டம் எழுதுகிறார்கள். தொடுதிரை இல்லாமல் ஆடவே முடியாத ஆட்டங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஸ்விட்ச் 2 டாக்கில் இருந்தால் 4கே வரை போகும். டாக்குக்குள்ளேயே விசிறி வைத்திருக்கிறார்கள். ஆக டிவி பெட்டிக்குத் தேவையானதில் முக்கால்வாசி ஏற்கெனவே தயாராக இருக்கிறது. திரை, பேட்டரி இரண்டையும் எடுத்துவிட்டு, டாக்கையும் உடம்பையும் ஒரே கூட்டில் போட வேண்டியதுதான்.

கொலுசுக்கடை:
சரி, வீட்டா உதாரணத்தைத் திரும்பப் பெறுகிறேன். பாதி மட்டும்.

மிச்சப் பாதி இது. எடுத்த பிறகு எவ்வளவு குறையும்? சிப், நினைவகம், 256 ஜிபி சேமிப்பு எல்லாம் அப்படியே இருக்கும். கன்ட்ரோலரும் கொடுத்தாக வேண்டும். அந்தச் சிப் பேட்டரியில் ஓட வேண்டும் என்பதற்காக மின்சாரத்தைச் சிக்கனமாகக் குடிக்கும்படி வடித்தது. அதாவது கையில் ஆடுவதற்காகச் செய்த சமரசத்தை நீங்கள் டிவியில் வைத்துக்கொள்கிறீர்கள், கையில் ஆடும் பலன் மட்டும் இல்லாமல். அந்தக் காசுக்குப் பக்கத்திலேயே வேறு டிவி கன்சோல்கள் பலமாக நிற்கின்றன.

குகைவாசி:
அந்த வேறு கன்சோலில் நிண்டெண்டோவின் மரியோ வருவானா? பையன் கேட்பது பலம் இல்லை, மரியோ கார்ட்.

கொலுசுக்கடை:
🙏

இருபதாம்வளைவு:
குகையண்ணா ஒரு சந்தேகம். வீட்டில் ஒரே டிவிதானே? ஏழு மணிக்குச் சீரியல் ஆரம்பித்தால்?

குகைவாசி:
எங்கம்மாவின் சீரியல் ஏழிலிருந்து பத்து வரை. எனக்கு வேண்டியதே அதுதான் தம்பி! சீரியல் ஓடும்போது விளையாட்டு கிடையாது, பத்து மணிக்கு மேல் தூக்கம். வீட்டில் ஒரு கட்டுப்பாடு தானாக அமையும். நான் போலீஸ்காரன் வேலை பார்க்க வேண்டியதில்லை.

சூரமங்கலம்பெண்:
அதற்கு நிண்டெண்டோவின் பெற்றோர் ஆப் இருக்கிறது அண்ணா. ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம் என்று உங்கள் போனிலேயே வைத்துவிடலாம். நேரம் முடிந்தால் ஆட்டத்தை நிறுத்தும்படியும் செய்யலாம்.

குகைவாசி:
அது தெரியும்மா. நேரத்தை அடைக்கலாம், இடத்தை அடைக்க முடியாதே. ஒரு மணி நேரம்தான் என்றாலும் அதை மாடியில் போய் ஆடுவான், ஹாலில் எங்களோடு உட்கார்ந்து ஆடமாட்டான்.

இருபதாம்வளைவு:
இதை நான் யோசித்ததில்லை. எனக்கு எங்கே வேண்டுமானாலும் ஆடலாம் என்பதுதான் பெருமை. போன வாரம் சேலத்திலிருந்து மலையேறும் பஸ்ஸில்கூட எடுத்தேன்.

கொலுசுக்கடை:
20 கொண்டை ஊசி வளைவில் தலையைக் குனிந்துகொண்டு கார் ஓட்டும் ஆட்டமா? எத்தனையாவது வளைவில் வாந்தி?

இருபதாம்வளைவு:
ஏழு. நடத்துநர் எலுமிச்சம்பழம் கொடுத்தார்.

நெறியாளர்:
இழையில் இரண்டு பேர் பழைய கன்சோல் விற்பனை விளம்பரம் போட்டார்கள், நீக்கிவிட்டேன். விற்பனைக்குத் தனிப் பகுதி இருக்கிறது.

சூரமங்கலம்பெண்:
விலை குறைப்பதற்காக ஒன்றைக் கழிப்பது நிண்டெண்டோவுக்குப் புதிதில்லை. 3டிஎஸ் என்ற அவர்களுடைய பழைய கையடக்கக் கருவிக்கு முப்பரிமாணத் திரைதான் பெயரே. 2013-இல் அதையே எடுத்துவிட்டு, மடிக்கவும் முடியாத ஒரு பலகையை 2டிஎஸ் என்று 130 டாலருக்கு விட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு வாங்கியவர்கள் அதைத்தான் வாங்கினார்கள். கொலுசு அண்ணன் சொல்லும் 'சரக்கே அதுதான்' என்பது கடைக்காரர் பார்வை. வாங்குகிறவர் தன் வீட்டில் எந்தப் பாதி பயன்படும் என்று பார்க்கிறார்.

கொலுசுக்கடை:
கடைக்காரன் என்று சொல்லிவிட்டாய், சரி அந்தப் பார்வையிலேயே ஒன்று சொல்கிறேனம்மா. மூன்று மாடல் இருந்தால் வாங்க வருகிறவர் மூன்றில் எது என்று கேட்பார். பேரனுக்கு வாங்கும் தாத்தா பேர் ஒன்றாக இருக்கிறதே என்று லைட்டை வாங்கிப் போய், டிவியில் வரவில்லை என்று மறுநாள் திரும்பக் கொண்டுவருவார். ஏற்கெனவே இருந்த இரண்டு மாடல் போதாதென்று 2021-இல் 7 அங்குல ஓலெட் திரை மாடல் வேறு வந்தது. ஸ்விட்ச் 2 ஒரே வடிவத்தில் வந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனாலும் அந்த 275 கிராம் விஷயத்தில் தம்பி என்னை அசைத்துவிட்டார். இடையில் எழுந்துபோய் எங்கள் தராசில் அரைக் கிலோ வெள்ளியை வைத்துக் கையில் பிடித்துப் பார்த்தேன். கனம்தான்.

டிவி பெட்டியில் மட்டும் இன்னும் அசையவில்லை.

குகைவாசி:
நானும் அசையவில்லை. ஆனால் இல்லாத பொருளுக்காகப் பையனை எத்தனை நாள் காக்க வைப்பது என்று வீட்டில் கேட்கிறார்கள். இருபதாம்வளைவு தம்பி, ஞாயிற்றுக்கிழமை கீழே வருவதாக இருந்தால் உங்கள் லைட்டை எடுத்துவாருங்கள். ஐந்து ரோடு பக்கம் சந்திக்கலாம். பையன் கையில் கொடுத்து, அவன் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கிறேன்.

இருபதாம்வளைவு:
வருகிறேன் அண்ணா. சார்ஜ் போட்டு எடுத்து வருகிறேன், கரன்ட் இருந்தால்.

கொலுசுக்கடை:
நானும் வருகிறேன். தட்டுவடை செட் என் செலவு, முழு செட்.