கிரிமினாலஜி படித்தவர்கள் யாராவது உண்டா?

அண்ணன்மாரே, அக்காமாரே, ஒரு உதவி. நான் கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்காரன். தங்கச்சி பிஎஸ்சி முடித்துவிட்டு, அடுத்து கிரிமினாலஜி, அதாவது குற்றவியல்தான் படிப்பேன் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். போன மழைக்காலத்தில் எங்கள் ரப்பர் ஷீட் களவு போனது. எல்லோரும் கத்திக்கொண்டிருக்க, இவள் மட்டும் சேற்றில் பதிந்த செருப்புத் தடத்துக்குப் பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் படம் எடுத்தாள். (ஷீட் கிடைக்கவில்லை, அது வேறு கதை.)

திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் இதற்குத் தனித் துறை இருக்கிறது. பக்கம் என்பதால் அம்மாவுக்குத் திருநெல்வேலிதான் இஷ்டம். என் கவலை வேறு. புத்தகத்தோடு முடிந்துவிடுமா, இல்லை சிறை, கூர்நோக்கு இல்லம், நீதிமன்றம் என்று நேரில் கூட்டிப்போவார்களா? இன்டர்ன்ஷிப் நாமே அலைந்து பிடிக்க வேண்டுமா?

அப்புறம், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள, குற்ற வழக்குகளின் விசாரணை நடைமுறைக்கான புதிய நாகரிக் சுரக்‌ஷா சட்டம், 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வருவதைப் படிப்படியாகக் கட்டாயமாக்கச் சொல்கிறது. அந்த வேலைக்குக் கிரிமினாலஜி போதுமா, தடயவியலே தனியாகப் படிக்கணுமா? இரண்டும் ஒன்று என்றுதான் வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நம்ம மாவட்டத்திலிருந்து போய்ப் படித்தவர்கள் சொன்னால் நல்லது. விண்ணப்பம் போடுவதற்குள் தெரிந்தால் போதும்.